நாங்கள் மடித்த கடிதங்கள்

எங்கள் வீட்டுத் தபால் பெட்டியில் சிறியதொரு ஒட்டி இருக்கிறது. விளம்பரங்கள் வேண்டாம் என்று டொச், அதாவது ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும். சுவிஸில் அந்த ஒட்டிக்கு இருக்கிற மரியாதை ஊரில் பொலிஸ்காரருக்குக்கூட இருந்ததில்லை. ஒட்டிய நாளிலிருந்து பீட்சாக் கடைத் தாள் வருவதில்லை, கட்டில் மெத்தை மலிவு விற்பனை வருவதில்லை, பல்வேறு சாமான்களின் படம் போட்ட தடித்த புத்தகமும் வருவதில்லை. அந்த ஒட்டியைச் சட்டை செய்யாத ஒரேயொரு கூட்டம் அரசியல் கட்சிகள்தான். தபால் போட வரும் பெண்ணிடம் ஒருநாள் இதைக் கேட்டேன். பீட்சாவை நிறுத்தலாம், கட்சியை நிறுத்த முடியாது, அது விளம்பரம் இல்லையாம், தகவலாம் என்று சொல்லிச் சிரித்துவிட்டுத் தன் மஞ்சள் மோட்டார் சைக்கிளில் போய்விட்டாள்.

ஆகவே வருடத்தில் பல முறை, ஓல்டன் நகரிலிருந்து பஸ்ஸில் சிறிது தூரத்தில் இருக்கும் எங்கள் கிராமத்து அடுக்குமாடியின் எல்லாப் பெட்டிகளிலும் ஒரே மாதிரியான வெள்ளை உறை கிடக்கும். கட்டடத்தில் இருப்பவர்கள் போர்த்துக்கேயர், கொசோவோவில் இருந்து வந்த அல்பானியர், ஒரு துருக்கியக் கிழவர், நாங்கள். வாக்குரிமை உள்ள ஒரேயொரு அம்மா கீழ்வீட்டில் இருக்கிறார். அவருக்குக் கண் தெரியாது. அப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் அந்தக் கடிதம் வரும். குடும்பம் காப்பாற்றப்பட வேண்டும், தாய்நிலம் காப்பாற்றப்பட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை காப்பாற்றப்பட வேண்டும், சொந்தக் கையால் உழைக்கும் பண்பு காப்பாற்றப்பட வேண்டும், வெளிநாட்டவர் கூடிவிட்டார்கள், அவசரம், உதவுங்கள். கடிதத்தின் அடியில், கிழித்து எடுப்பதற்கு வசதியாகத் துளையிட்டு, ஒரு சிவப்புப் பணச் சீட்டு இருக்கும்.

ஊரிலிருந்து இதை வாசிப்பவர்களுக்கு இந்தச் சீட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் மிச்சக் கதை விளங்காது. இங்கே வாடகை, மின்சாரம், காப்புறுதி, பல் வைத்தியர் என்று எல்லாமே சீட்டாகத்தான் வீட்டுக்கு வரும். சீட்டுகளையும் ஒரு மஞ்சள் புத்தகத்தையும் தபால் கந்தோருக்குக் கொண்டுபோய்க் காசைக் கட்டினால், புத்தகத்தில் முத்திரை குத்தித் தருவார்கள். நாங்கள் அகதிகளாக வந்து இறங்கியபோது முகாமில் இருந்த மேற்பார்வையாளர் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் பாடமே இதுதான். சீட்டு வந்தால் கட்டு, கேள்வி கேளாதே, கட்டாவிட்டால் பெட்ரைபுங். பெட்ரைபுங் என்றால் கடன் கட்டாதவர் என்று உங்கள் பெயருக்கு மேல் அரசாங்கம் போடும் கறை. அது விழுந்தால் வாடகைக்கு வீடு கிடைக்காது, விசா நீடிக்காது, பிரஜாவுரிமையைக் கனவிலும் நினைக்க முடியாது. அதனால் இங்குள்ள தமிழ் வீடுகளில் சீட்டு என்றால் ஒரு பயபக்தி உண்டு. சுவாமிப் படத்தட்டில் சீட்டுகளை வைத்திருந்து மாத முடிவில் எடுத்துக்கொண்டு போகும் ஆட்களை எனக்குத் தெரியும். என் கணவர் சிவபாலன் அவர்களில் ஒருவர்.

சிவப்புச் சீட்டு முதல்முதல் வந்தபோது அதில் தொகை போட்டிருக்கவில்லை. இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதத்தின் தலைப்பில் ஒரு பெரிய மரமும் அதன் கீழே தாய், தகப்பன், இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். பார்த்தால் அரசாங்கக் கடிதம் மாதிரியே இருந்தது. எங்களுக்கு அப்போது டொச் வாசிக்க வராது. தபால் கந்தோரில் இவர் சீட்டை நீட்டி, எவ்வளவு கட்ட வேண்டும் என்று தனக்குத் தெரிந்த டொச்சில் கேட்டிருக்கிறார். நீங்கள் விரும்பியதைக் கட்டலாம் என்று அங்கிருந்த பெண் சொல்லியிருக்கிறாள். இவர் வீட்டுக்கு ஓடி வந்தார்.

“இஞ்சேர், இந்த நாட்டிலை வரியைக்கூட எங்கடை வசதிக்கு விட்டிருக்கிறாங்களப்பா. எவ்வளவு பெரிய மனசு பார்.”

இருபது பிராங் கட்டியிருந்தார். அன்று தொடக்கம் சிவப்புச் சீட்டு வரும்போதெல்லாம் இருபது பிராங் போனது.

இவரை மட்டும் சொல்லிப் பயனில்லை. அந்தக் கடிதங்களை மடித்தவளே நான்தான். எங்கள் கிராமத்தில் ஹெர் வீட்மர் என்பவருக்குப் பெரிய மரக்கறித் தோட்டமும் பொதி செய்யும் கொட்டகையும் இருந்தன. அங்கே கரட் கழுவித் தரம் பிரித்துப் பைகளில் அடைப்பது என் வேலை. பக்கத்தில் நிற்பவள் ஷ்பிரேசா. கொசோவோக்காரி. எங்கள் கட்டடத்திலேயே எங்களுக்கு மேல்மாடியில் இருந்தாள். இலையுதிர் காலத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்மர் எங்களைக் கூப்பிடுவார். அன்றைக்குக் கரட் இல்லை. மேசையில் பெட்டி பெட்டியாகக் கடிதங்கள் இருக்கும். மூன்றாக மடித்து உறையில் வைக்க வேண்டும். மடிக்கும் விதத்தை அவரே நின்று காட்டித் தந்தார். உறையைத் திறந்ததும் முதலில் சிவப்புச் சீட்டுக் கண்ணில் பட வேண்டும், பிறகு படம், கடைசியாகத்தான் எழுத்து. நான் கரண்டியின் பின்பக்கத்தால் மடிப்பை அழுத்துவேன். ஷ்பிரேசா பெருவிரல் நகத்தால் இழுப்பாள். அவளுக்கு அவசரம் அதிகம், முதல் மடிப்பைச் சரிவாகப் போட்டுவிட்டுத் திருப்பிச் சரியாக மடிப்பாள். ஆகவே அவளுடைய கடிதங்களில் எப்போதும் மடிப்புக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய கோடு விழுந்திருக்கும். உன் கடிதத்துக்கு இரண்டு ரேகை, இரண்டு கலியாணம் நடக்கப்போகிறது என்று அவளைப் பகிடி பண்ணுவேன். ஒன்றே தாங்க முடியவில்லை என்பாள்.

அது என்ன கடிதம் என்று நான் யோசிக்கவில்லையா என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஊர்ச் சங்கம் ஏதோ என்று நினைத்தேன். சுவிஸில் ஆளுக்கொரு சங்கம் உண்டு. பாடுவதற்குச் சங்கம், முயல் வளர்ப்பதற்குச் சங்கம், துவக்குச் சுடுவதற்குச் சங்கம். முதலாளியின் சங்கம் என்றதும் இவர் இன்னும் பயபக்தியோடு கட்டினார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் மடிப்பேன், சில நாட்களில் அதுவே எங்கள் பெட்டிக்கு வரும், மாத முடிவில் இவர் கட்டுவார்.

எங்கள் மகள் ஆரணிக்குப் பத்து வயதானபோது ஒருநாள் குசினி மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்து வாசிக்கத் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் எதைக் கண்டாலும் வாசிக்கச் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் வாசித்தவள் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அம்மா, ஏன் இவங்களுக்குக் காசு கட்டுறம்?”

“சங்கத்துக்கு, பிள்ளை.”

“இது சங்கம் இல்லை. கட்சி. எங்களைப் போகச் சொல்லி எழுதியிருக்கிறாங்கள்.”

வரி வரியாக மொழிபெயர்க்கச் சொன்னேன். பிள்ளை குரல் தணிந்து வாசித்தாள். அகதி என்று சொல்லிக்கொண்டு வந்து எங்கள் கிராமங்களில் குந்திக்கொண்டிருப்பவர்கள் என்று ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்துக்கு உரிய நாள், அதை வியாபாரத்துக்கு விற்க விடமாட்டோம் என்று ஒரு வரி. கடைசியில், இந்தக் கடிதம் உங்கள் கிராமத்தவரின் கைகளால் மனமுவந்து மடிக்கப்பட்டது என்று ஒரு வரி. எனக்குக் கோபம் வர முன்னமே சிரிப்பு வந்துவிட்டது. கிராமத்தவரின் கைகள் என்பதில் பொய்யில்லை, நாங்களும் கிராமத்தில்தான் இருக்கிறோம். மனமுவந்து என்பதைத்தான் எங்களிடம் ஒருத்தரும் கேட்கவில்லை.

“இனிக் கட்டவேண்டாம்” என்றேன் இவரிடம்.

“உனக்கென்ன விசரோ? இவ்வளவு காலமும் கட்டிப்போட்டு இப்ப நிப்பாட்டினா என்ன நினைப்பாங்கள்? நாளைக்குப் பிரஜாவுரிமைக்குப் போடேக்கை பெட்ரைபுங் எண்டு வந்தா?”

“நன்கொடைக்குப் பெட்ரைபுங் போடுவாங்களோ?”

“அவங்கடை சட்டம் எங்களுக்கு என்ன தெரியும்?”

எனக்குத் தெரியாமல் அதற்குப் பிறகும் கட்டிக்கொண்டுதான் இருந்தார். பயத்துக்குக் கட்டிய காசு அது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு இவர் மேல் கோபமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது.

விழுமியங்களைச் சொல்லி வாக்கும் காசும் கேட்பவர்களை நான் சுவிஸுக்கு வந்துதான் கண்டேன் என்று சொன்னால் அது பெரிய பொய். சுன்னாகம் பக்கம் எங்கள் ஊரில் தேர்தல் காலத்தில் ஒரு பெரியவர் லொறியில் ஏறி நின்று பேசுவார். தமிழர் எல்லோரும் ஒருதாய்ப் பிள்ளைகள் என்பார். குரல் தழுதழுக்கும், கேட்பவர்களுக்கும் கண் கலங்கும். கூட்டம் முடிந்து அவருடைய வீட்டு முற்றத்தில் தேத்தண்ணி கொடுப்பார்கள். எங்களுக்குக் கோப்பையில் வரும். இரவு முழுக்கக் கண்விழித்துச் சுவரொட்டி ஒட்டியவர்களுக்கு வேலிக்கு அந்தப் பக்கத்தில் சிரட்டையில் ஊற்றுவார்கள். ஒருநாள் என் தகப்பனார் வாய்விட்டுக் கேட்டார், ஏன் அவர்களும் இங்கே வந்து குடித்தால் என்ன என்று. பெரியவர் சிரித்துக்கொண்டு தோளில் தட்டினார். “நீங்கள் வேறை, அவங்கள் வேறை, மாஸ்டர்.” தகப்பனார் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். சின்னப் பிள்ளையான எனக்குத் தேத்தண்ணி போய்விட்டதே என்றுதான் அன்று கவலை. அந்த வசனம் மட்டும் எப்படியோ என்னுடன் சுவிஸ் வரைக்கும் வந்துவிட்டது.

காலம் ஓடி, நாங்கள் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கத் தகுதியான வருடங்கள் நிறைந்தன. ஆரணி அதற்குள் பெரிய வகுப்புக்குப் போய்விட்டாள். வகுப்பிலுள்ள எல்லாரும் லண்டன் சுற்றுலாவுக்குப் போனபோது அகதிக்குக் கொடுத்த பயணப் பத்திரத்தோடு இவளுக்கு மட்டும் விசா நேரத்துக்கு வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வேறு வகுப்பின் பின்வாங்கில் இருந்து படித்தாள். அம்மா, நான் எந்த நாடு என்று யாரும் கேட்டால் பதிலை நீங்களே எழுதித் தாங்கோ என்று சொன்னாள். பிள்ளை அழுதிருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். நிதானமாகத்தான் சொன்னாள். இந்தக் கடவுச்சீட்டை எடுத்தே தீருவது என்று அன்றுதான் மனதில் முடிவெடுத்தேன்.

எங்கள் மாநிலத்தில் அதற்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் கிராமத்தார் சம்மதிக்க வேண்டும். உடற்பயிற்சி மண்டபத்தில் ஊர்க்கூட்டம் கூடும், கழிவுநீர்க் குழாய்க்கும் தெருவிளக்குக்கும் வாக்கெடுத்த கையோடு எங்களுக்கும் வாக்கெடுப்பார்கள். விண்ணப்பித்தவர்கள் வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஆட்கள் கையை உயர்த்துவார்கள். பாதிக்கு மேல் உயர்ந்தால் நீங்கள் இந்த ஊர், இல்லாவிட்டால் இல்லை. அந்த மாரியில், குளிர்காலக் கூட்டத்துக்கு, இரண்டு குடும்பங்களின் பெயர் வந்திருந்தது. ஒன்று நாங்கள், மற்றது ஷ்பிரேசா வீட்டார்.

கூட்டத்துக்குச் சில கிழமைகளுக்கு முன் வீட்மர் என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டு, தானே கோப்பி போட்டுத் தந்தார். இத்தனை வருடத்தில் அது முதல் தடவை.

“ஃப்ராவ் சிவபாலன், உங்கள் கணவர் எங்கள் ஆதரவாளர் என்று கட்சிப் பொருளாளர் இப்போதுதான் சொன்னார். வருடக்கணக்காக! எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா?”

“அது பிழையாக நடந்தது” என்று டொச்சில் சொன்னேன்.

“இல்லை, இல்லை. அதில் என்ன பிழை? கூச்சப்படாதீர்கள்.”

நான் மீண்டும் பிழை என்றேன். அவர் என் அடக்கத்தை மெச்சித் தலையை ஆட்டினார். பிறகு விஷயத்துக்கு வந்தார். அடுத்த கடிதத்தில் எங்கள் குடும்பத்தின் படத்தைப் போட விரும்புகிறார்கள். நான் சேலை உடுத்து, இவர் கோட் போட்டு, ஆரணி நடுவில், பின்னால் அவருடைய தோட்டம். உழைப்பவர்களையும் கொடுப்பவர்களையும் நாங்கள் வரவேற்கிறோம், மற்றவர்களைத்தான் எதிர்க்கிறோம் என்று கீழே எழுதுவார்கள். அப்படியானால் ஊர்க்கூட்டத்தில் அவரே எழும்பி எங்களுக்காகப் பேசுவார். அவர் பேசினால் மண்டபத்தில் பாதிக் கை தானாகவே உயரும். அது எனக்கும் தெரியும்.

“மற்றவர்கள் என்றால் யார்?” என்று கேட்டேன்.

அவர் யன்னல் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார். அங்கே ஷ்பிரேசா முழங்கால்வரை சப்பாத்துப் போட்டுக்கொண்டு பெட்டிகளுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டு நின்றாள்.

“உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் வேறு, அவர்கள் வேறு” என்றார்.

வீட்மர் கெட்டவர் இல்லை. ஆரணி பிறந்தபோது தொட்டில் கொண்டுவந்து தந்தவர். சம்பளத்தில் ஒரு சதம் பிடித்தவரில்லை. அந்த வசனத்தை நல்ல மனதோடு, எனக்கு ஒரு பரிசு தருகிற முகத்தோடுதான் சொன்னார்.

ஓல்டனில் தமிழ்க் கடைக்காரத் தம்பியிடம் அவர்கள் படம் கேட்டதை வாய் தவறிச் சொல்லிவிட்டேன். “எடுக்கட்டுமனக்கா, உங்களுக்கென்ன? அல்பானியன்களாலைதானே எங்களுக்கும் பேர் கெடுது” என்றான். வெண்டிக்காயை நிறுத்துக்கொண்டே சொன்னான். அவனுடைய கடைச் சுவரில் எங்கள் சங்கம் ஒன்றின் அறிவித்தல் ஒட்டியிருந்தது. தமிழ்ப் பண்பாட்டைக் காக்க நிதி தாருங்கள் என்று, அடியில் அதே மாதிரிச் சிவப்புச் சீட்டோடு. எனக்கு வந்த கோபத்துக்கு வெண்டிக்காயை விட்டுவிட்டு வந்திருப்பேன், வீட்டில் மரக்கறி இருக்கவில்லை.

அன்று பின்னேரம் இவர் சேலையைப் பற்றியே கதைத்தார். “நீலச் சேலை படத்துக்கு வடிவாயிருக்கும்” என்றார்.

“படம் எடுக்கிறேல்லை.”

“ஒரு படம் தானேயப்பா. பிள்ளையை யோசிச்சுப் பார்.”

“பிள்ளையைத்தான் யோசிக்கிறன். நான் மடிச்சுக் குடுத்தன், நீங்கள் காசு கட்டினியள். இனி மூஞ்சையையும் குடுக்கிறதோ?”

“நீ வீறாப்புக் கதைச்சுக் கதைச்சே எல்லாத்தையும் கெடுக்கப் போறாய்.”

“கெட்டா இன்னொருக்காப் போடுவம். அதுக்கும் கெட்டா மூண்டாம் தரமும் போடுவம். ஷ்பிரேசாவைக் காட்டிக் குடுத்து எனக்கொரு பாஸ்போட் வேண்டாம்.”

ஆரணி அறைக் கதவில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “எனக்கும் வேண்டாமப்பா” என்றாள். இவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நீலச் சேலையை எடுத்து அலுமாரியில் வைத்தார். அந்த மனிசன் அன்றைக்கு எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்ததற்கு அவருக்கு எவ்வளவு துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

திங்கட்கிழமை வீட்மரிடம் போனேன். சொல்ல வேண்டியதை ஆரணி டொச்சில் சொல்லித் தந்திருந்தாள், வழி முழுக்க வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். படம் வேண்டாம். கட்டிய காசு நாங்கள் அறியாமல் கட்டியது, இனிக் கட்டமாட்டோம். கரட் வேலை செய்வேன், கடிதம் மடிக்கமாட்டேன்.

“அப்படியானால் கூட்டத்தில் உங்களுக்காக என்னால் பேச முடியாது.”

“பேசாமல் இருங்கள். அதுவே காணும்” என்றேன்.

அவர் என்னை வேலையால் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குக் கூப்பிடுவதை மட்டும் விட்டார். நான் ஏன் ஞாயிறு வரவில்லை என்று ஷ்பிரேசா கேட்டாள். சொன்னேன். நீயும் போகாதே, அதில் உங்களைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது தெரியுமா என்று ஆவேசமாகத் தொடங்கினேன். அவள் கையிலிருந்த கரட்டைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

“தெரியும். எனக்கு டொச் வாசிக்கத் தெரியும். முதல் ஞாயிறே வாசித்தேன்.”

“பிறகும் மடித்தாயா?”

“என் புருஷனுக்கு முதுகு உடைந்து வேலையில்லை. ஞாயிறுச் சம்பளம் எனக்கு வேண்டும். நீ மடிக்காமல் விடலாம், உன் வீட்டில் இரண்டு சம்பளம்.”

கொள்கை பேசுவதற்கும் ஒரு வசதி வேண்டும் என்பதை அன்று அவள் எனக்கு நேரே சொன்னாள். அவள் சொன்னது சரி. ஆனால் நான் செய்ததும் சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் இத்தனை காலமும் நடக்கிறேன்.

கூட்டத்தன்று எங்கள் இரண்டு குடும்பமும் மண்டபத்துக்கு வெளியே, பிள்ளைகள் சப்பாத்துக் கழற்றி வைக்கும் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றோம். றப்பர் வாசமும் வேர்வை வாசமும் கலந்து வந்தது. உள்ளேயிருந்து கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. ஷ்பிரேசா தன் நல்ல கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தாள். யாரோ ஒருவர் எழும்பிப் பேசுவது கேட்டது, என்ன என்று விளங்கவில்லை. இவர் மஞ்சள் புத்தகத்தைக் கோட்டுப் பைக்குள் வைத்திருந்தார், யாராவது கேட்டால் காட்டுவதற்கு. ஷ்பிரேசா என் கையைப் பிடித்தாள். கரட் கழுவிக் கழுவி இருவருக்கும் ஒரே மாதிரி வெடித்த கை.

கிராமக் கந்தோர்ச் செயலாளர் கதவைத் திறந்து வந்தார். எங்களுக்கு ஆம், அவர்களுக்கு இல்லை. ஊர்ச் சங்கங்கள் எதிலும் அவர்கள் சேரவில்லை என்று காரணம் சொல்லப்பட்டதாம். செயலாளரின் முகம் சிவந்திருந்தது, அவசரமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். இவர் சுவரோடு சாய்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். ஷ்பிரேசா என் கையை விடவில்லை. “கிராத்துலியேரே” என்றாள். வாழ்த்துகள். பிறகு கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பிடரியை நிமிர்த்திக்கொண்டு, பிள்ளைகளோடு வெளியே போனாள். நானும் பின்னால் போயிருக்க வேண்டும். செயலாளர் மீண்டும் வந்து எங்களை உள்ளே கூப்பிட்டார், நான் உள்ளே போனேன். அந்த மண்டபத்தில் ஆட்கள் கைதட்டினார்கள். என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டுக் காத்திருந்த கைதட்டல் அது. காது அடைத்துப்போயிருந்தது.

கூட்டம் முடிந்து வெள்ளை வைனும் பாற்கட்டித் துண்டுகளும் கொடுத்தார்கள். வீட்மர் ஒரு கிளாஸை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார்.

“பார்த்தீர்களா? நான் பேசாமலே நடந்தது. நான் சொன்னேனே, நீங்கள் வேறு.”

“ஹெர் வீட்மர், நாங்களும் எந்தச் சங்கத்திலும் இல்லை” என்றேன்.

அவர் பாற்கட்டித் தட்டைப் பார்த்தார். நான் வைனைத் தொடாமல் கிளாஸை மேசையில் வைத்தேன். வைத்த பிறகுதான் தகப்பனாரின் கோப்பை ஞாபகம் வந்தது. ஆனால் அவர் முற்றத்தைவிட்டு வெளியே வந்தார். நான் உள்ளே நின்றேன், நிற்கத்தான் போகிறேன். வெளியே நின்றால் கை உயர்த்த முடியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மாநிலமும் மத்திய அரசும் தங்கள் பங்குக்குச் சம்மதிக்க மேலும் பல மாதம் எடுத்தன. சிவப்புக் கடவுச்சீட்டு வந்த அன்று ஆரணி அதைத் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். பிறகு வாக்குச் சீட்டுகள் அடங்கிய தடித்த உறை முதல்முறையாக என் பெயருக்கு வந்தது. அதற்கு அடுத்த சனிக்கிழமை, விளம்பரம் வேண்டாம் என்ற ஒட்டிக்குப் பின்னால், அந்தப் பழைய வெள்ளை உறையும் கிடந்தது. இம்முறை அது எல்லாப் பெட்டிக்கும் பொதுவாகப் போட்டதல்ல. உறையின் மேல் என் முழுப் பெயர், ஒரு எழுத்துப் பிழையும் இல்லாமல் அச்சிட்டிருந்தது. அன்பான சக பிரஜையே என்று தொடங்கி, எங்கள் தாய்நிலத்தை அந்நியரிடமிருந்து காப்பாற்ற நீங்கள் உதவ வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். இப்போது எனக்கு டொச் வாசிக்க வரும்.

படிக்கட்டில் நின்றே அதைக் கிழித்துப் போடத்தான் எடுத்தேன். தாளை விரித்ததும் விரல் நின்றுவிட்டது. மடிப்புக்குப் பக்கத்தில், நகத்தால் இழுத்த இன்னொரு மெல்லிய கோடு. எத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோட்டைப் பார்த்துப் பகிடி பண்ணியிருப்பேன். என் பெயரை எழுதிய கடிதத்தை அவள் மடித்திருக்கிறாள், பெயரைப் பார்க்காமலும் இருந்திருக்க மாட்டாள்.

கடிதத்தைக் கிழிக்காமல் கையில் எடுத்துக்கொண்டு மேல்மாடிக்கு ஏறினேன். அவளுடைய குசினி மேசையில் ஆரணி ஏற்கனவே இருந்தாள். ஷ்பிரேசாவின் இரண்டாவது விண்ணப்பத்துக்கு அவள்தான் டொச் எழுதிக் கொடுக்கிறாள். மேசையில் இருந்த தாள்களை ஒதுக்கி ஷ்பிரேசா எனக்கு இடம் செய்தாள். என் கையிலிருந்த உறையைக் கண்டதும் முகம் ஒரு கணம் மாறியது.

“வந்துவிட்டதா? போன ஞாயிறு மடித்தது” என்றாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “கூட்டம் எப்போது?”

“மாரியில்” என்றேன். “நான் உள்ளே இருப்பேன்.”

அவள் கோப்பியை ஊற்றினாள். கடிதம் மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்தது, வெளியே என் பெயர், உள்ளே அவளுடைய கோடு.